மச்சானுக்குச் சரிவந்த பிட்காயின் நமக்கும் சரிவருமா?

காசு விசயம்: வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: திருகோணமலை உப்புவெளியில் ஒரு விருந்தினர் விடுதியில் வேலை செய்கிறேன். வயது 34, இரண்டு பிள்ளைகள். நிலையான வைப்பில் இருந்த 12 இலட்சம் போன மாதம் முதிர்ந்தது. 2023 தொடக்கத்தில் கிடைத்த வட்டியில் பாதிகூட இப்போது தருகிறார்கள் இல்லை. கனடாவில் இருக்கும் மச்சான், "அரைவாசியையாவது பிட்காயினில் போடு, ரூபாயை நம்பி இருக்காதே" என்கிறார். அவர் அதில் நன்றாக உழைத்தும் இருக்கிறார். போடலாமா?
- வாசகர், உப்புவெளி

பதில்: அரைவாசி என்ற பேச்சுக்கே இடமில்லை. பிட்காயின் என்பது எந்த அரசும் வெளியிடாத, இணையத்தில் மட்டும் கைமாறும் நாணயம். மச்சான் சொல்வது முழுக்கப் பிழை என்றும் சொல்லமாட்டேன், 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாயளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டதைப் பார்த்த எவருக்கும் ரூபாயில் சேமிக்கப் பயம் வருவது நியாயம்தான். ஆனால் அதே ஆண்டை வைத்தே கணக்குப் பாருங்கள். ஆண்டுத் தொடக்கத்தில் ஒரு பிட்காயின் ஏறத்தாழ 47,000 டொலர், அன்றைய ரூபாயில் 94 இலட்சமளவில். டிசம்பர் முடிவில் 16,500 டொலர், விழுந்துபோன ரூபாயில் பெருக்கினாலும் 60 இலட்சம்தான். ரூபாயிலிருந்து தப்புவதற்காக வாங்கியவர் ரூபாய்க் கணக்கிலேயே மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இழந்தார். டொலரைச் சும்மா டொலராகவே வைத்திருந்தவர் தப்பினார். பிறகு ஏறியது, 2024 டிசம்பரில் ஒரு இலட்சம் டொலரையும் தாண்டியது, எல்லாம் உண்மை. அதுவரை விற்காமல் இருக்க முடிந்தவருக்குத்தான் அந்த லாபம்.

உங்களால் விற்காமல் இருந்திருக்க முடியுமா? 2019 ஈஸ்டர் குண்டுவெடிப்புக்குப் பிறகும், 2020இல் கொரோனா வந்தபோதும், 2022இல் பெற்றோலுக்கு வரிசையில் நின்ற காலத்திலும் உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் அறைகள் வெறுமையாகக் கிடந்தது என்னைவிட உங்களுக்குத் தெரியும். அதில் 2020 மார்ச் 12ஆம் திகதி பிட்காயின் ஒரே நாளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் விழுந்தது. 2022ஐ மேலே பார்த்தோம். உங்கள் வருமானம் நின்ற அதே நேரத்தில் இதுவும் படுத்திருக்கிறது. அந்த நேரத்தில் பிள்ளைகளின் செலவுக்கு, அடிவிலைக்கு விற்பதைத் தவிர வேறு வழி இருந்திருக்காது. கையில் நகை இருந்தால் அடைவு வைத்துச் சமாளித்து, சீசன் தொடங்கிய பிறகு மீட்கலாம். பிட்காயினை எங்கள் ஊர் வங்கி எதுவும் அடைவுக்கு எடுக்காது.

மச்சானுக்கும் உங்களுக்கும் உள்ள பெரிய வித்தியாசம் வேறு ஒன்று. கனடாவில் 2021 பெப்ரவரியிலிருந்து பங்குச் சந்தையிலேயே பிட்காயின் நிதியம் வாங்கலாம், தன் பெயரில் வாங்கி, வரிக் கணக்கில் காட்டி, விற்ற காசைத் தன் வங்கிக் கணக்கில் நேராகப் போடலாம். இங்கே இலங்கையில் மத்திய வங்கி இந்த வியாபாரத்தை நடத்த எவருக்கும் அனுமதிப்பத்திரம் கொடுக்கவில்லை என்று 2018, 2021, 2022 என்று திரும்பத் திரும்ப எச்சரித்திருக்கிறது. கடனட்டை, டெபிட் அட்டையால் இதற்குப் பணம் செலுத்தவும் அனுமதியில்லை. எனவே இங்கே வாங்குகிறவர்களில் கனபேர் போகிற வழி, செயலியில் முன்பின் தெரியாத ஒருவரிடம் 'யூஎஸ்டிடி' (டொலரின் விலையோடு ஒட்டி நிற்கிற இணைய நாணயம்) வாங்கி, அதைப் பிட்காயினாக மாற்றுவது. அவருடைய வங்கிக் கணக்குக்கு ரூபாயை அனுப்புகிறீர்கள், ரசீதைப் படம் எடுத்துப் போடுகிறீர்கள், அவர் 'வந்துவிட்டது' என்று அழுத்தும்வரை காயின் செயலியின் பிடியில் நடுவில் நிற்கிறது. "வங்கிக் குறிப்பில் கிரிப்டோ (இப்படியான இணைய நாணயங்களின் பொதுப் பெயர்) என்று எழுத வேண்டாம்" என்று விற்பவர் முன்கூட்டியே சொல்லிவைப்பார். வங்கிக்குச் சொல்ல முடியாத காரணத்துக்கு ஏன் உங்கள் சேமிப்பு போக வேண்டும்? திருப்பி விற்கும்போது இன்னும் மோசம்: உங்கள் கணக்குக்கு வருகிற காசு யாரோ ஏமாற்றிய காசாக இருந்தால் பொலிஸ் விசாரணையும் கணக்கு முடக்கமும் உங்கள் தலையில்தான்.

"அப்படியானால் மச்சான் பெயரிலேயே அங்கே வாங்கி வைத்தால்?" என்று அடுத்த கடிதம் எழுதாதீர்கள். குடும்பத்துக்குள் கதைபேச்சு நின்றுபோக இதைவிடச் சுருக்கமான வழி கிடையாது.

சரி, 12 இலட்சத்தை என்ன செய்வது? மாரி முழுக்க வேலை இல்லாமல் போனாலும் தாங்குகிற அளவு, எட்டு மாதச் செலவு என்று வையுங்கள், உடனே எடுக்கக்கூடிய சேமிப்பில் இருக்கட்டும். அடைவில் நகை இருந்தால் முதலில் மீட்டெடுங்கள், அந்த வட்டியைவிட நிச்சயமான லாபம் எதிலும் இல்லை. மிச்சத்தைத் திறைசேரி உண்டியலிலும் (அரசு குறுகிய காலத்துக்குக் கடன் வாங்க வெளியிடும் பத்திரம்) வைப்பிலும் பிரித்துப் போடலாம். வங்கி விழுந்தால் கைகொடுக்கும் வைப்புக் காப்புறுதி ஒருவருக்கு ஒரு வங்கியில் 11 இலட்சம் வரைதான், அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைக்காதீர்கள். விருந்தினர் டொலரில் தருகிற டிப்ஸை மாற்றாமல் வெளிநாட்டு நாணயக் கணக்கில் சேர்க்க முடியுமா என்று வங்கியில் கேளுங்கள். ரூபாய்ப் பயத்துக்கு அதுதான் நேரான மருந்து.

பிட்காயினே ஆகாது என்பவன் அல்ல நான். 2 கோடி 10 இலட்சத்துக்கு மேல் உருவாகாது என்ற எல்லையும், பதினைந்து வருடத்துக்கு மேல் தாக்குப்பிடித்ததும் சின்ன விசயமில்லை. இங்கே ஒழுங்கான சட்டமும் உரிமம் பெற்ற இடமும் வந்தால், முழுச் சேமிப்பில் மூன்று வீதம் போடுங்கள், உங்களுக்கு அது 36,000 ரூபாய். நாலில் மூன்று பங்கு அழிந்தாலும் 27,000தான் போகும், மனவருத்தத்தோடு முடியும். அரைவாசி போட்டிருந்தால் அதே வீழ்ச்சியில் நாலரை இலட்சம். அந்த நாள் வரும்வரை உங்களுக்கு என் பதில் பூச்சியம்.

கேள்வி: எங்கள் பாடசாலையில் சிலர் ஒரு வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்திருக்கிறார்கள். ரோபோவே தானாகக் கிரிப்டோ வாங்கி விற்கிற வியாபாரமாம், மாதம் 10 வீதம், இரண்டு பேரைச் சேர்த்துவிட்டால் கொமிஷனும் உண்டாம். ஒருவருக்கு இரண்டு மாதம் காசு வந்தும்விட்டது.
- ஆசிரியை, பாலையூற்று

பதில்: ரீச்சர், அந்த இரண்டு மாதக் காசு பிறகு சேர்ந்தவர்கள் போட்டது. மாதம் 10 வீதம் உண்மையாக வந்து, அதையும் எடுக்காமல் திரும்பப் போட்டுவந்தால் ஒரு இலட்சம் ஐந்து வருடத்தில் மூன்று கோடியைத் தாண்டும். அப்படி உழைக்கத் தெரிந்தவனுக்கு உங்கள் சம்பளக் காசு எதற்கு? ஆள் சேர்த்தால் காசு என்றாலே பிரமிட் திட்டம், அது வங்கிச் சட்டப்படி குற்றம், சேர்த்துவிட்டவரும் மாட்டுவார். மத்திய வங்கி தடை செய்த நிறுவனங்களின் பெயர்ப் பட்டியல் அதன் இணையத்தளத்தில் இருக்கிறது. பட்டியலில் பெயர் இல்லை என்பதற்காகவும் சேராதீர்கள், இவர்கள் பெயரை மாற்றிக்கொண்டு வருவார்கள்.

கேள்வி: ஏற்கெனவே கொஞ்சம் பிட்காயின் வாங்கிவிட்டேன், செயலியிலேயே கிடக்கிறது. அங்கேயே விடலாமா?
- மாணவர், உவர்மலை

பதில்: 2014இல் மவுண்ட் கொக்ஸ், 2022 நவம்பரில் எஃப்டிஎக்ஸ், இரண்டும் வாடிக்கையாளரின் கிரிப்டோவை வைத்திருந்து விழுந்துபோன சந்தைகள். இரண்டிலும் திரையில் கணக்கு மீதி அழகாகத்தான் தெரிந்தது, எடுக்கப் போனபோதுதான் கதவு மூடியிருந்தது. சின்னத் தொகை என்றால் விற்றுவிட்டுப் படிப்பைப் பாருங்கள் தம்பி. வைத்திருக்கத்தான் போகிறீர்கள் என்றால் உங்கள் சொந்த வொலட்டுக்கு (காயினின் சாவியை உங்கள் கையிலேயே வைக்கிற இணையப் பணப்பை) மாற்றுங்கள். அது தரும் 12 அல்லது 24 சொற்கள்தான் அந்தச் சாவி, அவற்றைக் கடதாசியில் எழுதிப் பூட்டி வையுங்கள், போனில் படம் எடுக்காதீர்கள், 'உதவி செய்கிறோம்' என்று வருகிற எவருக்கும் கொடுக்காதீர்கள். கடதாசி எங்கே இருக்கிறது என்பது மட்டும் வீட்டில் ஒருவருக்குத் தெரியட்டும்.