பிணைச்சல் ஆணி பிடிக்குதில்லை

கேள்வி: ஐயா, வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் ஒரு பழைய வீட்டில் இருக்கிறோம். அறைக் கதவு கொஞ்ச நாளாக நிலத்தில் உரசுகிறது. மேல் பிணைச்சலில் மூன்று திருகாணிகள் எவ்வளவு முறுக்கினாலும் சும்மா சுற்றுகின்றன. கடையில் தடித்த ஆணி போடச் சொல்கிறார்கள். என் கணவர் கதவின் அடியைச் சீவலாம் என்கிறார். எது சரி?
- வாசகி, கொழும்பு 6

பதில்: இரண்டும் வேண்டாம் மகள்.

தடித்த ஆணியின் தலை பிணைச்சல் ஓட்டைக்குள் முழுதாக இறங்காது. துருத்தி நிற்கும் தலையில் கதவு முட்டும். நீங்கள் இழுத்துச் சாத்தச் சாத்த மற்ற ஆணிகளும் கழன்று வரும். நான் தொழில் பழகிய நாளில் கொட்டாஞ்சேனையில் ஒரு வீட்டில் 8ஆம் இலக்க ஆணி இருந்த துளையில் அதைவிடத் தடித்த 12ஆம் இலக்கத்தை முறுக்கினேன். பலா மர நிலை, விளிம்போடு நாலு அங்குலம் பிளந்துபோயிற்று. அதை வெட்டி ஒட்டுப்போட என் பாஸுக்கு இரண்டு நாள் எடுத்தது. அந்தச் சத்தம் இன்றும் காதில் நிற்கிறது.

கதவின் பாரம் மேல் பிணைச்சலை நிலையிலிருந்து வெளியே இழுக்கும், கீழ்ப் பிணைச்சலை நிலையோடு அழுத்தும். அதனால் முதலில் விடுவது மேல் ஆணிகள்தான். போதாததற்கு உங்கள் பக்கம் உப்புக் காற்று. இரும்பு ஆணி துருப்பிடித்தால் சுற்றியுள்ள மரமும் கறுத்து உதிரும்.

கதவைத் திறந்து, அடியில் மர ஆப்பு வைத்துப் பாரத்தைத் தாங்கவிட்டு, ஒருவர் பிடித்துக்கொள்ள ஆணியைக் கழற்றுங்கள். அதன் புரியைப் பாருங்கள். கறுத்த மாவு ஒட்டியிருந்தால் துளைக்குள் ஊசியால் குத்துங்கள். கெட்டி மரம் தட்டுப்பட்டால் நீங்களே செய்யலாம். பாணில் குத்தியது போல ஊசி உள்ளே போனால் உக்கலோ கறையானோ இருக்கிறது. தச்சு பாஸைக் கூப்பிடுங்கள்.

மரம் நல்லதென்றால், முதலில் அதே தடிப்பில் 2 அங்குல நீள ஆணியைப் போட்டுப் பாருங்கள். பழைய துளைக்கு அப்பால் புது மரத்தைக் கவ்வினால் வேலை முடிந்தது.

கவ்வாவிட்டால் துளைக்கு மரம் கொடுக்க வேண்டும். மருந்துத் தலையை வெட்டிய நெருப்புக்குச்சிகளை மரப்பசையில் தோய்த்து அடைப்பது அலுமாரிக் கதவுக்குப் போதும். அறைக் கதவுக்கு நான் அதை நம்பமாட்டேன். 10 மில்லிமீற்றரில் துளையைப் பெருப்பித்து, அதை அடைக்கக் கெட்டி மரத்தில் முளை, அதாவது உருண்டையான மரக்குச்சி, சீவிக்கொள்ளுங்கள். கையால் தள்ள நுழைந்தால் அந்த முளை மெலிவு. சுத்தியலால் தட்டித்தான் இறங்க வேண்டும். பசை பூசி அடித்து, ஒரு நாள் முழுக்கக் காயவிட்டு, மிஞ்சியதை உளியால் மட்டமாகச் சீவுங்கள். தேக்கு நிலை என்றால் பசைக்கு முன் துளையைத் தின்னரால் துடையுங்கள். தேக்கின் எண்ணெய்ப் பசைமேல் ஒட்டு சரியாகப் பிடிக்காது.

8ஆம் இலக்க ஆணிக்கு முளையின் நடுவில் 3 மில்லிமீற்றரில் வழித்துளை போடுங்கள். அதைச் சோம்பலில் விட்டால் முளையே பிளக்கும். புரியில் மெழுகுதிரியைத் தேய்த்து, கடைசிச் சுற்றுகளைக் கையால் முறுக்குங்கள். மெஷினின் வேகத்தில்தான் பாதித் துளைகள் கெடுகின்றன. கடற்கரை வீட்டுக்குத் துருப்பிடிக்காத எஃகு ஆணி நல்லது, பழைய சோனகத் தெருவில் வாங்கலாம். பித்தளைதான் விருப்பம் என்றால் அதே அளவு இரும்பு ஆணியால் முதலில் புரி வெட்டிக் கழற்றிவிட்டுப் பித்தளையைப் போடுங்கள், இல்லாவிட்டால் கழுத்து முறியும்.

கணவரிடம் சீவுளியை எடுத்து வைக்கச் சொல்லுங்கள். பிணைச்சல் இறுகி, இரண்டு மழை நாள் திறந்து சாத்திப் பார்த்த பிறகும் உரசினால், உரசும் இடத்தில் மட்டும் மெல்லச் சீவட்டும்.