நாய்க்கும் வேலை உண்டு – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

எனக்கு வயது 61. கோவையில் பம்ப்செட் உதிரிபாகப் பட்டறை வைத்திருக்கிறேன். போன வருடம் பொறுப்பை மகனிடம் கொடுத்துவிட்டு, வாரத்தில் மூன்று நாள் மட்டும் போய் வருகிறேன். மற்ற நாட்களில் எனக்குள்ள ஒரே வேலை, மகள் பெங்களூருக்குப் போகும்போது விட்டுச்சென்ற பீகிள் நாயை நடக்கக் கூட்டிப்போவதுதான். அதற்கு இரண்டு வயது. செயினைக் கையில் எடுத்தாலே வீடு அதிரக் குதிக்கிறது. ரேஸ்கோர்ஸ் நடைபாதை வந்ததும் இழுக்கிறது. பத்தடிக்கு ஒருதரம் நின்று மோந்து மோந்து நேரத்தை வீணடிக்கிறது. பத்தாயிரம் அடி நடக்கப் போனால் மூவாயிரம்கூடத் தேறுவதில்லை. போன வாரம் இழுத்த இழுப்பில் விழுந்து முழங்கை சிராய்ந்துவிட்டது. சோக் செயின் போடலாமா? ஒரு மாதம் பயிற்சிக்கு விட்டுவிடலாமா? தயிர்ச்சோறு போடுவதால்தான் இப்படி ஆடுகிறது என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். உண்மைதானா?

க., கோவை

அன்புள்ள க.,

தயிர்ச்சோற்றுக்கும் துள்ளலுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. பக்கத்து வீட்டுக்காரரை விட்டுத்தள்ளுங்கள். கூடவே அந்தப் பத்தாயிரத்தையும். 1965-ல் ஜப்பானில் அடி எண்ணும் கருவி ஒன்று விற்பனைக்கு வந்தது. அதன் பெயரே 'பத்தாயிரம் அடி மீட்டர்' என்ற பொருளில்தான் இருந்தது. கடைச்சரக்குக்கு வைத்த பெயரை 60 வருடமாக ஊர் உலகமெல்லாம் கையில் கட்டிக்கொண்டு திரிகிறது.

போன மாதம் அலமாரியை ஒழித்தபோது அப்பாவின் விசில் கிடைத்தது. அன்றிலிருந்து அவருடைய ஓய்வுக்காலத்தைப் பற்றித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். அந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது. வேறு நாளாக இருந்தால் பதில் போட்டிருப்பேனா தெரியாது.

'நேரத்தை வீணடிக்கிறது' என்று எழுதியிருக்கிறீர்கள். யாருடைய நேரத்தை? 'நாய்க்கு வேலையில்லை, நிற்க நேரமில்லை' என்ற பழமொழியைச் சொன்னவர் நாயோடு ஒருநாளும் தெருவில் நடந்திருக்க மாட்டார். உங்கள் நாய் நிற்கிறது. நிற்க நேரமில்லாமல் திண்டாடுவது நீங்கள்தான்.

பீகிள் என்பது முயலை மோப்பம் பிடித்துத் துரத்துவதற்கென்றே இங்கிலாந்தில் தலைமுறை தலைமுறையாக வளர்த்தெடுத்த நாய். அதன் மூக்கில் வாசனை அறியும் செல்கள் மட்டும் 20 கோடிக்கு மேல். நமக்குச் சில பத்து லட்சம், அதையும் காப்பிக்கும் கருவாட்டுக்கும் தவிர நாம் பயன்படுத்துவதில்லை. ஒருநாள் குனிந்து அதன் மூக்கைப் பாருங்கள். இரண்டு பக்கமும் சின்னக் கீறல் இருக்கும். வெளிவிடும் மூச்சு அந்தப் பக்கவாட்டில் போய்விடும், உள்ளே வரும் வாசனையைக் கலைக்காது. விளக்குக் கம்பத்தடியில் எந்த நாய் வந்தது, ஆணா பெண்ணா, வந்து எவ்வளவு நேரமாயிற்று என்றெல்லாம் அது படித்துக்கொண்டிருக்கிறது. நீங்கள் பாதி வரியில் பேப்பரைப் பிடுங்குகிறீர்கள். பிடுங்கினால் இழுக்காதா? நான் இழுப்பேன்.

அமெரிக்காவில் 1984 முதல் விமான நிலையங்களில் பீகிள்களுக்குச் சர்க்கார் உத்தியோகம். பச்சை உடுப்பு போட்டுக்கொண்டு, யார் பெட்டியில் மாம்பழம் ஒளிந்திருக்கிறது என்று மோந்து சொல்ல வேண்டும். அங்கே அதற்குச் சோறு போடுகிற திறமையை இங்கே நீங்கள் ஒழுங்கீனம் என்கிறீர்கள். இத்தனை வருடம் லேத் ஓடுகிறதா, ஆள் சும்மா நிற்கிறானா என்று பார்த்த கண். இப்போது பார்க்க வேறு ஆளில்லை, நாய் மாட்டிக்கொண்டது.

கோபித்துக்கொள்ளாதீர்கள். என் அப்பா இதைவிட மோசம். ரயில்வேயில் கார்டாக இருந்தவர். 1991-ல் 58 வயதில் ஓய்வு பெற்றார். சாத்தூரில் ஒரு தீப்பெட்டி ஆபீஸில் மதியத்துக்கு மேல் கணக்கு எழுதப் போனார். காலை முழுக்க வீட்டில். காப்பி ஆறு நிமிஷம் லேட் என்பார். குழாயடிக்குப் போன அம்மா எத்தனை மணிக்குத் திரும்பினாள் என்று நோட்டில் எழுதாத குறை. பொறுக்கமாட்டாமல் அம்மா மாமாவிடம் சொல்லிக் கரிசல்காட்டிலிருந்து ஒரு சிப்பிப்பாறை நாய்க்குட்டி வாங்கிவரச் செய்தாள். செவலை நிறம், ஒட்டிய வயிறு. மணி என்று பெயர் வைத்ததும் அம்மாதான். அப்பா கடிகாரம் தேடி "மணி என்ன?" என்றால் அது வாலாட்டிக்கொண்டு வந்து நிற்கும். (2005-ல் நம் நாட்டு நாய்களுக்குத் தபால்தலை போட்டார்கள். ராஜபாளையத்துக்கு இடமிருந்தது, சிப்பிப்பாறைக்கு இல்லை. அந்த வருத்தம் எனக்கு இன்னும் உண்டு.)

சிப்பிப்பாறையும் முயல் நாய்தான், ஆனால் கண்ணால் வேட்டையாடுவது. தூரத்தில் ஏதாவது அசைந்தால் போதும், பறந்துவிடும். ஒருநாள் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் கீரியோ எதுவோ ஓட, கயிற்றைக் கையில் சுற்றியிருந்த அப்பா குப்புற விழுந்தார். உள்ளங்கைத் தோல் கயிற்றோடு போயிற்று. அந்த நிலையிலும் சட்டைப்பையிலிருந்த விசிலை எடுத்து ஊதினார். கார்டு விசிலடித்தால் கிளம்ப வேண்டும் என்று அதற்கும் தெரியும் போல, இன்னும் வேகமாக ஓடியது.

அப்பா மதகுக் கட்டையில் உட்கார்ந்துவிட்டார். ஒரு மணி நேரம் கழித்துக் காதில் முள் கிழித்த ரத்தத்தோடு வந்து, அவர் காலடியில் படுத்ததாம். வீட்டுக்கு வந்தபோது அம்மா, "எங்க போனீக இம்புட்டு நேரம்?" என்றாள்.

"கிராசிங்" என்றார் அப்பா.

ஒற்றைப் பாதையில் எதிர்வண்டிக்காக நிறுத்திவைப்பார்களே, அது. அப்புறம் தினமும் கிராசிங்தான். ஆட்டுக்குட்டியைப் பார்த்து நின்றாலும் கிராசிங், டீக்கடையில் பேச்சு நீண்டாலும் கிராசிங். காப்பி லேட் என்ற பேச்சு எப்போது நின்றதென்று எங்களில் யாருக்கும் ஞாபகமில்லை.

நீங்கள் கேட்டதை மறந்தே போனேன். சோக் செயின் வேண்டாம், குரல்வளையை நெரிக்கும். உடம்பைச் சுற்றி மாட்டுகிற வார், நெஞ்சுப் பக்கம் வளையம் உள்ள ஹார்னஸ் வாங்குங்கள். செயினை எடுத்ததும் குதித்தால் திரும்ப மாட்டிவிட்டு உட்காருங்கள். அது அடங்கியதும் எடுங்கள். முதல் வாரம் வாசலைத் தாண்டவே அரைமணி ஆகும், ஆகட்டும். வழியில் இழுத்தால் நில்லுங்கள், கயிறு தொய்ந்தால் நடங்கள். கையில் மட்டும் சுற்றாதீர்கள். ஒரு மாதம் வெளியே விடுவதில் எனக்கு இஷ்டமில்லை. அங்கே அது பயிற்சியாளருக்குப் பழகும், உங்களுக்குப் பழகாது. ரேஸ்கோர்ஸ் சுற்று முழுசும் இரண்டரை கிலோமீட்டர். அதில் பாதி போனால் போதும்.

61 வயதில் விழுந்த முழங்கையைச் சிராய்ப்பு என்று விடாமல் ஒரு எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள்.

அப்புறம், உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்துவிட்டேன். நாயின் பெயர் அதில் எங்கேயும் இல்லையே?