பெரு போகிறோம். மச்சு பிச்சு பார்த்த பிறகு மூன்று நாள் மிச்சமிருக்கிறது. அமேசான் காட்டு நகரமான இக்கிட்டோஸ் போகலாமா?

போகலாம். ஆனால் ‘அமேசான் காட்டைப் பார்த்தாச்சு’ என்று சொல்லிக்கொள்ளத்தான் போகிறீர்கள் என்றால் அதற்கு இக்கிட்டோஸ் வேண்டாம். மச்சு பிச்சு பக்கத்துக் குஸ்கோ நகரிலிருந்து புவெர்ட்டோ மால்டொனாடோ கிட்டத்தில் இருக்கிறது, அங்கே ஒரு காட்டு விடுதியில் தங்கிவிட்டு வந்துவிடுங்கள். இக்கிட்டோஸை அந்த ஊருக்காகவே பார்க்க வேண்டும். எனக்கு முன்னால் பதில் எழுதிய ஒருவர் “சத்தம், அழுக்கு, வெயில், ஒன்றுமில்லை” என்று முடித்துவிட்டார். அதைப் படித்துத்தான் எழுத உட்கார்ந்தேன்.

நான் மலேசியாக்காரன். பேராக்கில் ஒரு ரப்பர்த் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில் பிறந்தவன். பாட்டியும் அம்மாவும் ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர்கள். விடியுமுன் பெரட்டு என்ற ஆள்கணக்கு, அப்புறம் மரம், பால் பிடிக்கும் மங்கு, வாளி, நிறுவை. அப்படி வளர்ந்தவனுக்கு இக்கிட்டோஸ் எப்படி ஒன்றுமில்லாத ஊராகும்?

சத்தம் உண்மைதான், மறுக்கவில்லை. நாட்டின் மற்ற ஊர்களோடு சாலைத் தொடர்பே இல்லாத நகரம் அது. நவ்தா என்ற ஊர் வரை நூறு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவாக ஒரு சாலை, அதோடு சரி. லிமாவிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் விமானத்தில் போய்விடலாம். இல்லையென்றால் யூரிமாகுவாஸிலோ புக்கால்பாவிலோ சரக்குப் படகில் ஏறி ஹம்மாக் (தொங்கு படுக்கை) கட்டிப் படுத்துக்கொண்டே போக வேண்டும், உங்கள் மூன்று நாள் அதிலேயே கரைந்துவிடும். கார் குறைவு என்பதால் தெரு முழுக்க மூன்று சக்கர மோட்டார் வண்டிகள், பெரும்பாலானவற்றுக்குச் சைலன்சர் என்ற ஒன்று இருந்ததாகவே தெரியவில்லை.

சதுக்கத்தில் இரும்புத் தகடுகளால் ஆன ஒரு வீடு இருக்கிறது. பாரிஸ் கோபுரத்தின் ஈஃபில் கட்டியது என்று எல்லா வழிகாட்டிகளும் சொல்வார்கள். ஆய்வாளர்கள் அதை அவ்வளவு சுலபமாக ஒத்துக்கொள்வதில்லை. ஆற்றங்கரைப் பக்கம் போனால் போர்ச்சுகல் ஓடு பதித்த மாளிகைகள். எல்லாம் ரப்பர்ப் பணம். ஏறக்குறைய 1880 முதல் 1912 வரை காட்டு ரப்பரில் கொழித்த ஊர் அது. அதைச் சாய்த்தது யார் தெரியுமா? ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர் 1876இல் சுமார் 70,000 ரப்பர் விதைகளை லண்டன் கியூ தாவரத் தோட்டத்துக்குக் கொண்டுபோனார். முளைத்த கன்றுகள் இலங்கைக்குப் போயின, 1877இல் சிங்கப்பூருக்கும் வந்தன. அந்தக் காலத்து மரம் ஒன்று எங்கள் பேராக்கின் கோலகங்சாரில் இன்னும் நிற்கிறது. 1913 வாக்கில் ஆசியத் தோட்ட ரப்பர் காட்டு ரப்பரை முந்தியது, விலை விழுந்தது, இக்கிட்டோஸ் படுத்தது. மலாயாத் தோட்டங்களில் பால் வெட்டியவர்களில் பெரும்பகுதி எங்கள் சனம்.

உடனே யாராவது வருவார்கள், விக்கம் விதை எடுத்தது பிரேசிலில், தபஜோஸ் ஆற்றுப் பக்கம், இக்கிட்டோஸ் பெருவில் இருக்கிறது என்று. தெரியும் ஐயா. நான் விதையைத் தேடிப் போகவில்லை.

பெல்லாவிஸ்தா நனாய் துறையிலிருந்து படகு பிடித்து போரா பழங்குடி மக்களின் சான் ஆண்ட்ரெஸ் கிராமத்துக்குப் போகலாம். பெரிய ஓலைக் கூடத்தில் சுற்றுலாப் பயணிகளுக்காக ஆடிக் காட்டுவார்கள், முடிந்ததும் நார் வளையல்களை நீட்டி விடாமல் கேட்பார்கள். ‘இதெல்லாம் வேஷம்’ என்று பலர் முகம் சுளித்துத் திரும்புகிறார்கள். அவர்கள் அங்கே எப்படி வந்தார்கள் என்று யாரும் கேட்பதில்லை. போரா, ஹுய்டோட்டோ மக்களின் பூர்வீக ஊர் வடக்கே புட்டுமாயோ ஆற்றுப் பக்கம். அங்கே ஹூலியோ சேசர் அரானா என்ற ரப்பர் முதலாளியின் கம்பெனி, லண்டனில் பதிவான கம்பெனி, அவர்களை ரப்பர் எடுக்க வைத்தது. எடை குறைந்தால் சவுக்கடி, தொழுமரம், கொலை. பிரிட்டிஷ் தூதரக அதிகாரி ரோஜர் கேஸ்மென்ட் 1910இல் நேரில் போய் விசாரித்தார், 1912இல் அறிக்கை அச்சானது. அரானா பிற்பாடு செனட்டர் ஆனார். ஒரு நாள்கூடச் சிறையில் இருக்காமல் 1952இல் செத்தார்.

ஆட்டம் முடிந்ததும் ஒரு பெரியவரிடம் வழிகாட்டி மூலமாகப் பேசினேன். என் பாட்டியும் ரப்பர் எடுத்தவர், கடலுக்கு அந்தப் பக்கம் என்றேன். கொஞ்சம் எதிர்பார்ப்போடுதான் சொன்னேன், ‘நாமெல்லாம் ஒன்று’ என்கிற மாதிரி ஏதாவது வரும் என்று. அவர் கேட்டது ஒரே கேள்வி. “கூலி கொடுத்தார்களா?”

கொடுத்தார்கள், கொஞ்சம்தான் என்றேன்.

தலையை ஆட்டிவிட்டு, வளையல் வாங்குகிறாயா என்று கேட்டார். வாங்கினேன். பேரமும் பேசவில்லை.

இரண்டு கஷ்டத்தையும் ஒரே தராசில் வைக்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். பாட்டிக்கு ரேஷன் இருந்தது, லயம் இருந்தது, கங்காணியின் வசவும் இருந்தது. அந்தப் பெரியவருக்கு முன்னோர் சாம்பல்கூட மிஞ்சவில்லை.

இதில் எனக்கு ஓர் ஆற்றாமை உண்டு, சொல்லிவிடுகிறேன். எங்கள் நாட்டில் ஓர் அருங்காட்சியகத்துக்குப் பேரப்பிள்ளைகளைக் கூட்டிப்போனேன். ரப்பர் பகுதியில் விக்கம் பெயர் இருந்தது, சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்து ரிட்லி பெயர் இருந்தது, கத்தி வகைகளுக்கெல்லாம் பெயர் இருந்தது. மரத்தடியில் சேலையைச் சொருகிக்கொண்டு நிற்கும் ஒரு பெண்ணின் படத்துக்குக் கீழே ‘தொழிலாளி’. நாங்கள் இருந்த தோட்டம் முதலில் செம்பனையாகி, அப்புறம் வீடமைப்புப் பகுதியாகி, தமிழ்ப் பள்ளியும் கோயிலும் ஆளுக்கொரு மூலைக்குப் போய்விட்டன. கேள்விக்கும் இதற்கும் சம்பந்தமில்லைதான். இருக்கட்டும்.

சரி, உங்கள் மூன்று நாளுக்கு வருகிறேன். ஆயாபுவா என்ற ரப்பர் காலத்துக் கப்பலை அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள், அதை முதலில் பாருங்கள், மற்றது எல்லாம் பிறகு புரியும். பெலென் என்ற ஆற்றங்கரைக் குடியிருப்புக்கு உள்ளூர் ஆள் ஒருவரோடு காலையிலேயே போங்கள். ஏறக்குறைய பிப்ரவரி முதல் மே வரை தெருவில் படகு ஓடும், ஆகஸ்ட், செப்டம்பரில் அதே தெரு சேறு. பெலென் சந்தையில் பச்சிலை, வேர், பட்டை விற்கும் பாசாஹே பாக்கித்தோ சந்தில் நான் கால் வலிக்கும் வரை நின்றேன். ஆமைக்கறியும் காட்டு மிருகக் கறியும் கண்ணில் படும், வாங்காதீர்கள். சாப்பாட்டுக்கு ஹுவானே இருக்கிறது. இலையில் பொட்டலமாகக் கட்டி வேகவைத்த சோறும் கோழியும், நம் நாக்குக்குப் பிடிக்கும். குச்சியில் சுட்ட பனைப்புழுவும் கிடைக்கும். சாபா, சரவாக் நண்பர்கள் இருப்பவர்களுக்கு அது அதிசயமில்லை. சைவர்கள் பீன்ஸ், சோறு, வறுத்த வாழை, சோந்தா (பனைக்குருத்து) சாலட் என்று ஓட்டிவிடலாம்.

காட்டில் மூலிகைச் சடங்கு நடத்துகிறேன் என்று தெருவில் அழைப்பவர்களோடு போகாதீர்கள். ரத்த அழுத்தத்துக்கோ மன அழுத்தத்துக்கோ மருந்து எடுப்பவர்கள் அந்தப் பக்கமே திரும்ப வேண்டாம்.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைப் பயணத்துக்குப் பத்து நாளுக்கு முன்பாவது போட்டுக்கொள்ளுங்கள், அட்டையைப் பாஸ்போர்ட்டோடு வையுங்கள். ஒருமுறை போட்டால் ஆயுளுக்கும் செல்லும். திரும்பி வரும்போது மலேசியாவிலும் கேட்பார்கள், இந்தியாவிலும் கேட்பார்கள். அட்டை இல்லையென்றால் இந்தியாவில் ஆறு நாள் வரை தனியே உட்கார வைக்க விதி இருக்கிறது.