இலைதழையிலிருந்து ஒளிரும் கார்பன் துகள்கள் தயாரிப்பது உண்மையிலேயே பசுமையான வழியா?

புற ஊதா ஒளியில் சுடரும் இந்த நானோ அளவுத் துகள்களை இலையிலிருந்து தயாரிக்க முடியும். ஆனால் இலையில் தொடங்கினோம் என்பதற்காகவே அதைப் பசுமை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. காரைக்குடியில் முதுநிலை வேதியியல் படித்தபோது என் ஆய்வேடே இதுதான்.

எங்கள் பக்கம் கண்மாய்க்கரையெல்லாம் சீமைக்கருவேலம். பயறு வகைக் குடும்பம் என்பதால் இலையில் நைட்ரஜன் நிறைய உண்டு. அது துகளுக்குள் சேர்ந்தால் ஒளிர்வு கூடும். இலையை உலர்த்திப் பொடித்துத் தண்ணீரில் கலந்து, டெஃப்லான் குவளை வைத்த எஃகு ஆட்டோகிளேவில் (அழுத்தம் தாங்கும் கலத்தில்) மூடி, 180 டிகிரி செல்சியஸில் ஓர் இரவு வைத்தேன். (அந்த வெப்பத்தில் உள்ளே ஏறத்தாழ 10 வளிமண்டல அழுத்தம். வீட்டுக் குக்கரில் முயன்றுவிடாதீர்கள்.) காலையில் வடிகட்டினால் கட்டன்தேநீர் நிறம், புற ஊதா விளக்கின் கீழ் வைத்ததும் நீலமாகச் சுடர்ந்தது. அன்று எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை, அவ்வளவு மகிழ்ச்சி.

மறுநாள் கரைசலை டயாலிசிஸ் பையில் (சிறு மூலக்கூறுகளை மட்டும் வெளியே விடும் நுண்துளைப் பையில்) கட்டி வாலைவடிநீரில் போட்டேன். மாலையில் பார்த்தால் சுடர் பெரும்பாலும் வெளித்தண்ணீருக்குப் போயிருந்தது, பைக்குள் மங்கலாக இருந்தது. ஒளிர்ந்ததில் பெரும்பங்கு நானோ துகள்களே அல்ல, பையின் நுண்துளை வழியே நழுவும் சிறு மூலக்கூறுகள். சிட்ரிக் அமிலமும் எத்திலீன்டைஅமீனும் சேர்த்துச் செய்யும் பெயர்பெற்ற முறையிலும் இதே சிக்கல் உண்டு. மூன்று நாள் நீர் மாற்றிய பிறகு மிஞ்சியது சில மில்லிகிராம். ஓவன் தின்ற மின்சாரத்தையும் குடம் குடமாகச் செலவான வாலைவடிநீரையும் யார் கணக்கில் வைப்பது?

இருந்தாலும் இந்தத் துறையை நான் கைவிடச் சொல்ல மாட்டேன். 2023 இல் நோபல் பரிசு பெற்ற குவாண்டம் புள்ளிகளில் (ஒளிரும் நானோ அளவுக் குறைகடத்தித் துகள்களில்) பல, காட்மியம் போன்ற நச்சு உலோகத்தை நம்பியவை; கார்பனுக்கு அந்தச் சுமை இல்லை. தண்ணீரில் உலோகம் கலந்திருப்பதைக் காட்டவும் இவை உதவலாம்: எங்கள் ஊருணித் தண்ணீரில் இரும்பு உப்பைக் கலந்து, மிஞ்சிய துகள்களை விட்டபோது ஒளி படிப்படியாகக் குன்றியது கண்ணுக்கே தெரிந்தது. செம்பும் பாதரசமும்கூட ஒளியை அணைக்கக்கூடும் என்பதால், அவற்றையும் தனித்தனியே சோதித்த பிறகே இரும்பைக் காட்டுகிறது என்று எழுத வேண்டும்.

நீங்கள் தொடங்குவதானால், இலையைத் தேடும் முன் டயாலிசிஸ் பையை வாங்குங்கள். ஓவனில் ஒரே நேரத்தில் நான்கைந்து ஆட்டோகிளேவ் வையுங்கள். வடிகட்டியில் தங்கும் கரியைக் கொட்டிவிடாதீர்கள். காயவைத்தால் சாயநீரை உறிஞ்சுகிறதா என்று பார்க்கலாம்.