"நன்றாக இருக்கிறேன்" என்னும் பதில்

அன்புள்ள அக்காவுக்கு,

எனக்கு 47 வயது; தண்டையார்பேட்டையில் வசிக்கிறேன். மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை முடிந்து, சிவப்பு நிறக் கீமோ மருந்து நான்கு முறை ஏற்றிய பிறகு, இப்போது வாரந்தோறும் பாக்லிடாக்சல் என்னும் இன்னொரு கீமோ மருந்து ஏற்றுகிறார்கள். பத்து நாட்களாக நடுமுதுகில் வலி இருக்கிறது, படுத்தால் கூடுகிறது. விரல் நுனிகளும் மரத்துப்போகின்றன. எலும்புக்குப் பரவிவிட்டதோ என்று இரவெல்லாம் கைப்பேசியில் தேடுகிறேன். எனக்காக விடுப்பெடுத்தே சோர்ந்துபோன கணவரிடமும், பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் மகளிடமும் சொல்ல மனம் வரவில்லை. வார்டில் கேட்டால், "நன்றாக இருக்கிறேன்" என்று சொல்லிவிடுகிறேன்.

ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

அடுத்த மருந்து ஏற்றும் நாள்வரை காத்திருக்காதீர்கள். இதைப் படித்தவுடனே கணவரிடம் சொல்லி, நாளைக் காலையிலேயே உங்கள் மருத்துவரைப் பாருங்கள்.

விரல் மரத்துப்போவது பாக்லிடாக்சல் நரம்பு நுனிகளைத் தாக்குவதால் வருவது. உரிய நேரத்தில் சொன்னால் அளவைக் குறைக்கவோ இடைவெளி விடவோ அவர்களால் முடியும், மறைத்தால் சிகிச்சை முடிந்தும் அது நெடுநாள் நீடிக்கக்கூடும். அதே மருந்து தசைவலியையும் மூட்டுவலியையும் கொடுக்கும். ஆனால் அது பெரும்பாலும் மருந்து ஏற்றிய இரண்டு மூன்று நாட்களில் தொடங்கிச் சில நாட்களில் தணிந்துவிடும். வெள்ளணுக்களைக் கூட்டப் போடும் ஊசியும், எலும்பு மஜ்ஜையைத் தூண்டுவதால், இடுப்பையும் முதுகையும் வலிக்கச் செய்யும். உங்கள் வலிக்கு இவற்றில் ஒன்றே காரணமாக இருக்கலாம். ஆயினும் பத்து நாட்கள் நீடித்து, படுக்கும்போது கூடுகிற முதுகுவலியை ஊகத்தில் விடக் கூடாது. கையால் தொட்டுப் பார்த்து, தேவையானால் எம்.ஆர்.ஐ. எடுத்துத்தான் தீர்மானிக்க வேண்டும். கால் தளர்ந்தாலோ, நடை தடுமாறினாலோ, சிறுநீர் கழிப்பதில் மாற்றம் தெரிந்தாலோ, விடியட்டும் என்று இருக்காமல் அந்த நேரமே 108-ஐ அழையுங்கள். தண்டுவடம் அழுத்தப்படுகிறது என்றால், நடக்கும் சக்தி இருக்கும்போதே சிகிச்சை தொடங்குவதில்தான் எல்லாம் இருக்கிறது. உங்கள் பகுதிக்கு ஸ்டான்லி மருத்துவமனையின் அவசரப் பிரிவு பக்கத்திலேயே இருக்கிறது.

இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. ராயபுரத்தில் இருந்த என் பெரியம்மாவுக்குக் கீமோ ஏற்றிய பத்தாம் நாள் காய்ச்சல் கண்டது. பிள்ளைகளின் தூக்கத்தைக் கெடுக்க வேண்டாம் என்று ஒரு பாராசிட்டமாலை விழுங்கிவிட்டுப் படுத்துக்கொண்டார். காலையில் நினைவின்றிக் கிடந்தவரைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். வெள்ளணுக்கள் குறைந்திருந்த உடலில் கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டிருந்தது. பிழைத்துக்கொண்டார். கீமோ நடக்கும் காலத்தில் 100.4 டிகிரி காய்ச்சல் என்றாலே, மாத்திரை போட்டு அதை அமுக்காமல், இரவானாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்பது அன்றைக்கு எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை.

மருத்துவர் என்ன நினைப்பாரோ என்ற கூச்சத்தை விட்டுவிடுங்கள். நீங்கள் சொல்வதைக் கொண்டுதான் அவர் அடுத்த வாரத்து மருந்தையே முடிவு செய்கிறார். கூட்டத்தில் பேச்சு வராது என்பதால், வலி என்று தொடங்கியது, எந்த இடம், எப்போது கூடுகிறது, எதனால் தணிகிறது என்பதை ஒரு தாளில் எழுதி, உட்கார்ந்தவுடன் அதைக் கொடுங்கள். கணவரும் உள்ளே வரட்டும். நீங்கள் பழக்கத்தில் "நன்றாக இருக்கிறேன்" என்று சொல்லும்போது அவர் குறுக்கிடுவார்.

மகளிடமும் சொல்லுங்கள். இரவெல்லாம் எரியும் கைப்பேசி வெளிச்சத்தை அந்தப் பெண் பார்க்காமலா இருப்பாள்? பரிசோதனை முடிவு வரும்வரை இரவில் அந்தக் கைப்பேசி அவளிடமே இருக்கட்டும். உங்கள் ரத்த அறிக்கையையோ உங்கள் முதுகையோ பார்க்காத தேடல் காட்டும் பதில்கள் உங்களைப் பற்றியவை ஆகா. முடிவு தெரிந்ததும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள், காத்திருப்பேன்.

அன்புடன்,
அக்கா