முதலை இருக்கட்டும், முதலில் வழியைக் கேளுங்கள்

கேள்வி: டாலஸ் பக்கம் குடியிருக்கிறோம். நான், கணவர், ஒன்பது வயது மகன். ஜூலை விடுமுறையில் காடோ ஏரி மாநிலப் பூங்காவில் கூடாரமடித்துத் தங்கி, இரண்டு நாள் துடுப்புப் படகு ஓட்ட ஆசை. மூவருக்கும் படகுப் பழக்கம் கிடையாது. முதலைகள் உண்டாமே, பயமாக இருக்கிறது. பிச்சாவரம் மாதிரி இருக்கும் என்கிறார் என் அண்ணன், உண்மையா?
– வாசகி, பிளேனோ

பதில்: ஜூலையா? வேண்டவே வேண்டாம். கிழக்கு டெக்ஸஸின் கோடைப் புழுக்கத்தில், சதுப்பு நிலத்துக் கொசுக்களோடு, துணிக் கூடாரத்துக்குள் ஒரு குழந்தையைத் தூங்கவைத்துப் பார்த்தால் தெரியும். நவம்பர் முதல் பாதியில் போங்கள். அங்குள்ள சைப்ரஸ் மரங்கள் ஊசியிலை வகையாக இருந்தும் இலையுதிர்ப்பவை. அந்த வாரங்களில் ஏரி முழுக்க இரும்புத் துருவின் நிறத்தில் நிற்கும். கிளைகளில் நரைத்த தாடியாகத் தொங்குவது ஸ்பானிஷ் பாசி. முன்பதிவு ஐந்து மாதங்களுக்கு முன்பே தொடங்கிவிடும். சனி, ஞாயிறு வேண்டுமென்றால் ஜூன் மாதமே உட்கார்ந்து பதிவு செய்யுங்கள்.

பிச்சாவரத்தில் துடுப்புப் போட ஒருவர் வருவார். நீங்கள் தண்ணீரை அளைந்துகொண்டு உட்கார்ந்திருக்கலாம். அது கடல்நீர் ஏறி இறங்கும் கழி, அலையாத்திக் காடு. இது நன்னீர். ஓட்டுவதும் நீங்கள்தான், திரும்பி வருவதும் உங்கள் பொறுப்புதான். உங்கள் அண்ணன் சொன்னதில் ஒன்று மட்டும் சரி: இரண்டிலும் தண்ணீருக்குள் நிற்கும் மரங்களுக்கு நடுவேதான் போக வேண்டும்.

முதலைகள் உண்டு, அலிகேட்டர் வகை. குளிர் ஏற ஏற மந்தமாகிவிடும். தீனி போடக் கூடாது, அது சட்டவிரோதமும்கூட. கிட்டே போகாதீர்கள், கரையோரத்தில் மகனைத் தனியே விடாதீர்கள். இதற்கு மேல் அதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. எனக்கு வரும் கடிதங்களில் பத்துக்கு ஒன்பது முதலையைப் பற்றித்தான் கேட்கின்றன. வழி தவறினால் என்ன செய்வது என்று யாரும் கேட்பதில்லை. அங்கே மெய்யான ஆபத்து அதுதான். எந்தப் பக்கம் திரும்பினாலும் அதே மரம், அதே நிழல். மரங்களுக்கிடையே வெட்டிவிட்ட படகுப் பாதைகளில் எண் பலகைகள் இருக்கின்றன. பூங்கா அலுவலகத்தில் காகித வரைபடம் கேட்டு வாங்கி, கடந்து போகும் ஒவ்வொரு எண்ணையும் மகனைக் குறிக்கச் சொல்லுங்கள். அவனுக்கு அது விளையாட்டு, உங்களுக்குத் திரும்பும் வழி. கைப்பேசி சிக்னலை நம்பாதீர்கள். முதல் நாள் பூங்காவுக்குள்ளேயே இருக்கும் சாமில் பாண்ட் குளத்தில் மட்டும் ஓட்டிப் பழகுங்கள். ஏரி பக்கத்து மாநிலமான லூசியானாவுக்குள்ளும் நீள்கிறது; அந்தப் பக்கத்து அகன்ற நீர்ப்பரப்பு இந்த முறை வேண்டாம். அங்கே காற்று எழுந்தால் புதியவர்களால் சமாளிக்க முடியாது.

கனூ என்ற ஒடுங்கிய துடுப்புப் படகில் கனமானவர் பின்னால் உட்கார வேண்டும். திருப்புவது அவர் வேலை. மகன் நடுவில், தரையில். 13 வயதுக்குக் குறைந்தவர்கள் படகு நகரும்போது உயிர்காப்பு அங்கி போட்டிருப்பது டெக்ஸஸ் சட்டம். நீங்கள் இருவரும் போட்டுக்கொள்ளுங்கள் என்பது என் சட்டம். சைப்ரஸ் வேர்கள் முழங்கால் போல முளைத்துத் தண்ணீருக்கு ஒரு சாண் அடியில் ஒளிந்திருக்கும். படகு அதன்மேல் ஏறி நின்றுவிட்டால் எழுந்து நிற்காதீர்கள், பக்கவாட்டில் சாயாதீர்கள். எந்த முனை மாட்டியிருக்கிறதோ அங்கே உட்கார்ந்திருப்பவர் மெல்ல நடுப்பக்கம் நகரட்டும். மற்றவர் துடுப்பை ஊன்றி, வந்த வழியே பின்னுக்குத் தள்ளட்டும். வழுக்கிக்கொண்டு இறங்கிவிடும்.

கூடாரம் ஒத்துவராது என்று தோன்றினால் வலையடித்த குடில்கள் இருக்கின்றன. 1930களின் பொருளாதார மந்தத்தில், வேலையில்லாத இளைஞர்களைத் திரட்டி அரசு கட்டிய கேபின்களும் உண்டு. எனக்குப் பிடித்தவை அவைதான், ஆனால் கிடைப்பது அபூர்வம். முதல் இரவுக்குப் புளியோதரை கட்டிக்கொண்டு போய்விடுங்கள். இருட்டில் அடுப்போடு மல்லாடுவது வீண். மிச்சத்தைக் காருக்குள் வைத்துப் பூட்டுங்கள். அங்குள்ள ரக்கூன்களுக்கு, இரவில் தீனி தேடி அலையும் சிறு விலங்குகள் அவை, ஐஸ் பெட்டியைத் திறக்கத் தெரியும்.

கேள்வி: சொந்தமாகக் கயாக் வைத்திருக்கிறேன். காடோவுக்குக் கொண்டுபோனால் ஏதாவது கெடுபிடி உண்டா?
– வாசகர், ஹூஸ்டன்

பதில்: உண்டு, இருக்கவும் வேண்டும். ராட்சத சால்வினியா என்ற பிரேசில் நாட்டு மிதவைச் செடி அந்த ஏரியை மூச்சுத் திணற வைக்கிறது. தோதான பருவத்தில் ஒரு வாரத்தில் இரட்டிப்பாகிவிடும். கேரளத்தில் ஆப்பிரிக்கப் பாயல் என்பார்களே, அதே செடிதான். 1980களில் குட்டநாட்டில் அதைத் தின்று தீர்த்த வண்டினத்தையே காடோவிலும் வளர்த்து விடுகிறார்கள். கரையேறியதும் ஓர் இலைத் துணுக்குகூட இல்லாமல் படகைத் துடைத்து, தண்ணீரை வடித்து, நன்றாகக் காயவைத்த பிறகே வேறு நீர்நிலையில் இறக்குங்கள். ஒட்டிக்கொண்டிருக்கும் செடியோடு சாலையில் போனால் அபராதம்.

கேள்வி: அங்கே பிடித்த மீனைக் குழம்பு வைக்கலாமா?
– அதே ஹூஸ்டன் வாசகர்

பதில்: வைக்கலாம், அளவோடு. காடோவின் சில மீன்களில் பாதரசம் இருப்பதால் மாநிலச் சுகாதாரத் துறை எச்சரிக்கை கொடுத்திருக்கிறது. லார்ஜ்மவுத் பாஸ் அதில் ஒன்று. கர்ப்பிணிகளுக்கும் சிறுபிள்ளைகளுக்கும் அந்த மீனைப் பரிமாறாதீர்கள். குழம்பு வைத்தே தீர வேண்டுமென்றால், வீட்டிலிருந்து ஐஸில் வைத்து மத்தி கொண்டுபோங்கள்.