வார்ஃபரின் எடுப்பவர்கள் ஐ.என்.ஆர். அளவை வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாமா?

வார்ஃபரின் என்பது இரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரை; இரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்பதைக் காட்டும் எண்தான் ஐ.என்.ஆர். அதை வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம். ஆனால் அளவு பார்ப்பது வேறு, அதை வைத்து மாத்திரையைக் கூட்டிக் குறைப்பது வேறு. நான் வீட்டில் செய்வது முன்னதை மட்டுமே. எனக்கு இதயத்தின் மைட்ரல் வால்வுக்குப் பதிலாகச் செயற்கை உலோக வால்வு பொருத்தியிருப்பதால், ஐ.என்.ஆர். 2.5 முதல் 3.5 வரை இருக்க வேண்டும் என்று மருத்துவர் வரையறுத்திருக்கிறார்.

கோஆகுசெக் போன்ற கையடக்கக் கருவியில் பார்ப்பவர்கள் சர்க்கரை பார்க்கும் பழக்கத்தை மறந்துவிட வேண்டும். அங்கே முதல் சொட்டைத் துடைத்துவிடுவோரும் உண்டு. இங்கே முதல் சொட்டுதான் தேவை, அதுவும் குத்திய 15 விநாடிக்குள் ஸ்ட்ரிப்பில் சேர வேண்டும். விரலைப் பிதுக்கினால் திசுநீர் கலந்து முடிவு பிசகும் என்பதால், வெந்நீரில் கை கழுவி, ஈரமில்லாமல் துடைத்து, கையைத் தொங்கவிட்டு, விரல்நுனியின் பக்கவாட்டில் குத்துவேன். சொட்டு போதவில்லையென்றால் அதே ஸ்ட்ரிப்பில் இன்னொரு சொட்டு விடக் கூடாது. வேறு ஸ்ட்ரிப், வேறு விரல். அந்த ஸ்ட்ரிப்பின் விலையை நினைத்தால் கை தானாகவே கவனமாகிவிடும்.

எண் சற்று விலகியதும் பதற வேண்டியதில்லை. இரத்தம் உறையத் தேவையான புரோத்ராம்பின் என்ற புரதத்தின் அரை ஆயுள் (அது பாதியாகக் குறைய எடுக்கும் நேரம்) ஏறத்தாழ 60 மணி நேரம் என்பதால், இன்றைய அளவு சில நாட்களுக்கு முந்தைய மாத்திரையின் விளைவையே காட்டுகிறது. கீரையில் உள்ள வைட்டமின் கே வார்ஃபரினின் வேலையைக் குறைக்கும் என்றாலும், கீரையை அறவே ஒதுக்குவதைவிட வாரந்தோறும் ஏறக்குறைய ஒரே அளவில் உண்பதே நல்லது. மெட்ரோனிடசோல், கோட்ரைமாக்சசோல், ஃபுளூகோனசோல் போன்ற கிருமிக்கொல்லி, பூஞ்சைக்கொல்லி மருந்துகளைத் தொடங்கினால் ஐ.என்.ஆர். ஏறக்கூடும் என்பதால், மருத்துவரிடம் சொல்லிவிட்டு அடிக்கடி பார்க்க வேண்டும்.

கருவி வாங்கியவுடனும், பின்னர் அவ்வப்போதும், ஆய்வகத்தில் இரத்தக்குழாயிலிருந்து எடுத்த இரத்தத்தின் முடிவோடு ஒப்பிட்டுப் பார்ப்பது அவசியம். அளவு ஏற ஏற இரண்டுக்கும் இடையிலான வேறுபாடும் கூடும். ஆன்டிபாஸ்போலிப்பிட் நோய் (உடலின் சொந்த எதிர்ப்புப் புரதங்களால் இரத்தம் எளிதில் உறையும் நோய்) உள்ளவர்களுக்கு விரல்நுனிச் சோதனை பொய்யாக உயர்ந்த அளவைக் காட்டலாம் என்பதால், அவர்கள் மருத்துவரைக் கேட்காமல் வாங்க வேண்டாம்.

எல்லோருக்கும் இது தேவை என்று நான் சொல்லமாட்டேன். அமெரிக்க முன்னாள் படைவீரர்களிடம் நடத்தப்பட்டு 2010இல் வெளியான பெரிய ஆய்வில், வாரந்தோறும் வீட்டில் பார்த்தவர்களுக்கும் மாதந்தோறும் மருத்துவமனையில் பார்த்தவர்களுக்கும் இடையே பக்கவாதம், பெரிய இரத்தக்கசிவு, மரணம் ஆகியவற்றில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. அளவு நிலையாக இருந்து, ஆய்வகமும் அருகில் இருந்தால் அந்தப் பணத்தை மிச்சப்படுத்தலாம். அளவு ஏறி இறங்குபவர்களுக்கும் தொலைவில் வசிப்பவர்களுக்கும் கருவி பயன்படும்.

தலையில் அடிபட்டாலோ, மலம் கறுப்பாகப் போனாலோ, கை கால் திடீரென மரத்துப்போனாலோ, கருவியை எடுத்துக்கொண்டு உட்காராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.